மூடுபனிக்கு மேலே

1880ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆரவாரமின்றி ஒரு திருமணம் நடந்தேறியது. மணமகனுக்கு அகவை 29, மணமகளுக்கு 40. அவரோ நுரையீரல் நோயால் சாவின் வாயில்வரை சென்று மீண்டவர். அம்மையாரோ முதல் மணம் முறிந்தவர், மக்களையும் உடையவர். 'புதையல் தீவு' என்னும் கதையால் பின்னாளில் மாணவர் உலகம் அறிந்துகொண்ட இராபர்ட் லூயி ஸ்டீவன்சனும் ஃபேனியுமே அவ்விருவர்.

கடலோர நகரின் மூடுபனி நோயாளிக்கு ஆகாது. விடுதியில் தங்கவோ பணம் போதாது. ஆகவே, தேனிலவு என்று பெயர் சூட்டிக்கொண்டு அவர்கள் புறப்பட்டது உண்மையில் மூச்சுக் காற்றைத் தேடிய பயணமே. பன்னிரண்டு வயது மகனும் ஒரு நாயும் உடன் சென்றனர். படகில் விரிகுடாவைக் கடந்து, புகைவண்டியில் நாப்பா பள்ளத்தாக்கின் வழியே கலிஸ்டோகாவை அடைந்தனர்.

வழியெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். மலைச்சரிவில் ஜேக்கப் ஷிராம் என்னும் ஜெர்மானியர் 1862இல் தொடங்கிய தோட்டத்திற்கு இருவரும் சென்றனர். முன்பு முடிதிருத்துநராக இருந்தவர் அவர்! மலையைக் குடைந்த குளிர்ந்த நிலவறையில் ஸ்டீவன்சன் மதுவகைகளைச் சுவைத்துப் பார்க்க, ஃபேனி திண்ணையில் அமர்ந்து வீட்டு அம்மையாருடன் உரையாடிக்கொண்டிருந்தார். மதுவைப் புகழ்வது ஆசிரியர்க்கு அழகன்று; எனினும், எந்த மண்ணில் எந்தக் கொடி செழிக்கும் என்று பல்லாண்டு பொறுமையுடன் தேடிய உழவரின் உழைப்பைப் போற்றாதிருக்க இயலுமோ?

அருகே கல்லாய்ப் போன காடு ஒன்றும் உண்டு. ரெட்வுட் என்பவை 100 மீட்டருக்கும் மேல் ஓங்கக்கூடிய நெடுமரங்கள். நம் செம்மரம் வேறு, இது வேறு. ஏறத்தாழ 34 இலட்சம் ஆண்டுகளுக்குமுன் எரிமலைச் சீற்றத்தால் வீழ்ந்து, சாம்பலில் புதைந்து, கல்லாகிக் கிடக்கின்றன அம்மரங்கள். ஸ்டீவன்சனின் உள்ளத்தையோ மரங்களைவிட, அவற்றைக் காத்துவந்த முதிய மாலுமியே கவர்ந்தார். எழுத்தாளன் கண் மனிதரையன்றோ முதலில் தேடும்!

பின்னர் செயிண்ட் ஹெலினா மலையில், கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தின் பாழடைந்த விடுதியில் குடியேறினர். வாடகை இல்லை, கதவும் இல்லை, சன்னலும் இல்லை. ஃபேனி சுத்தியலை எடுத்தார். சட்டங்களில் வெண்துணியைப் பொருத்திக் கதவும் சன்னலும் அமைத்தார். வைக்கோலைப் பரப்பிப் படுக்கை செய்தார். சில நாளில் அவரையும் மகனையும் தொண்டை அடைப்பான் நோய் பற்றியது. நோயாளியைக் காக்க வந்தவரே நோயாளியானார்! கீழே இறங்கிக் குணமடைந்தபின், மூவரும் மீண்டும் மலையேறினர்.

ஒருநாள் வைகறையில் ஸ்டீவன்சன் எழுந்து பார்த்தபோது பள்ளத்தாக்கைக் காணவில்லை. அவர் அஞ்சி ஓடிவந்த அதே மூடுபனி, வெண்கடலாய்த் திராட்சைத் தோட்டங்களை மூழ்கடித்துக் கிடந்தது. வியப்பு யாதெனில், அப்பனியே கடலோர ரெட்வுட் மரங்களின் இலையில் படிந்து துளித்துளியாய் வேருக்கு நீராவது. அதுவே திராட்சையின் வெம்மையையும் தணிப்பது. ஒரு மனிதனின் மூச்சை அடைப்பது ஒரு காட்டையே வாழ்விக்கிறது! அன்று அது மேலே ஏறிவருமோ என அவர் அஞ்சியபடியே பார்த்து நின்றார். அழகில் மயங்கியும் நின்றார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் அவர்கள் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறினர். மலைவாழ்வின் குறிப்புகள் 1883இல் நூலாயின. ஸ்டீவன்சன் மேலும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 1894இல் சமோவாத் தீவில் மறைந்தார். அப்போதும் ஃபேனி அருகில் இருந்தார். அச்சுரங்க விடுதி இன்று இல்லை. அம்மலைப் பகுதி அவர் பெயரால் பூங்காவாக விளங்குகிறது. துணிச் சன்னல்கள் இருந்த இடத்தருகே ஒரு நினைவுக்கல் நிற்கிறது.