ஹாரி ஏன் பையைத் திறக்கலை?

"ஹாரி பாட்டர் ஒரு ஃபிராடு!"

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி, ஹாஸ்டல் ரூமில் நான் சொன்ன டயலாக் இது. சொன்னேன்னு சொல்றதைவிட கத்தினேன்னு சொல்றதுதான் சரி. எதிர்க் கட்டிலில் வலது கையில் கட்டோடு உட்கார்ந்து, இடது கையால் பக்கம் புரட்டி ஆறாவது பாகத்தைப் படித்துக்கொண்டிருந்த ரூம்மேட் நிமிர்ந்து பார்த்தான். அவன் கேட்டது என்னவோ சாதாரணக் கேள்விதான். "மச்சி, ஹாரி பண்றது தப்புன்னு தெரியுது. ஆனாலும் ஏன்டா அவனைப் பிடிச்சிருக்கு?" அதுக்கு இவ்வளவு சவுண்ட் தேவையே இல்லை.

"ஏன்டா டென்ஷன் ஆகுற? அவன் என்ன உன் காசையா அடிச்சுட்டுப் போனான்?" என்றான்.

அவன் கையில் இருந்த கட்டுக்கும் என் சவுண்டுக்கும் சம்பந்தம் இருக்கு பாஸ். அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஹாரி.

ஆறாவது பாகம், 'ஹாஃப் பிளட் பிரின்ஸ்', 2005 ஜூலையில் வந்தது. நான் பிறந்த வருஷம். எங்க ரூமில் இருக்கிறது நண்பனோட அக்கா கல்யாணமாகிப் போகும்போது விட்டுட்டுப் போன செட். அட்டை கிழிஞ்சு, டேப் ஒட்டி, ஹாஸ்டல் முழுக்க சுத்திட்டு வந்த புத்தகங்கள். மத்த பாகங்களில் ஹாரி டிராகனோடு மோதுவான், பாம்போடு பேசுவான். நமக்கும் அதுக்கும் தொடர்பில்லை. ஆனா, ஆறாவது பாகத்தில் ஹாரி பண்றதை இந்தியாவில் இருக்கிற ஒவ்வொரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டும் பண்ணியிருக்கான். சீனியர் நோட்டை வெச்சு லேபில் ஸ்கோர் பண்றது!

கதை தெரியாதவங்களுக்கு... ஹாரி மருந்து காய்ச்சுற வகுப்புக்கு புத்தகம் இல்லாமல் போவான். புரொஃபசர் ஸ்லக்ஹார்ன் அலமாரியில் இருந்து ஒரு பழைய காப்பி எடுத்துத் தருவார். அதில் யாரோ ஒரு பழைய மாணவன் ஓரமெல்லாம் கிறுக்கி வெச்சிருப்பான். இந்த விதையை வெட்டாதே, கத்தியைப் படுக்கவெச்சு நசுக்கு, சாறு நிறைய வரும். இப்படிக் கிண்டு, இடையில் ஒரு தடவை மாத்திக் கிண்டு. ஹாரி அதை அப்படியே செய்து கிளாஸிலேயே ஃபர்ஸ்ட். அதிர்ஷ்ட மருந்து ஒரு குப்பி பரிசு. புரொஃபசர் 'பிறவி மேதை' ரேஞ்சுக்குப் புகழ்வார். அச்சடித்ததைப் படித்து, வியர்த்து விறுவிறுத்து நிற்கிற ஹெர்மயனிக்குக் கடுப்பு. இருக்காதா பின்னே? புதுப் புத்தகம் வந்ததும் ஹாரி என்ன பண்ணுவான் தெரியுமா? ரெண்டு அட்டையையும் கிழித்து மாற்றி ஒட்டி, புதுசை ஸ்லக்ஹார்னிடம் கொடுத்துவிட்டு, பழசைத் தானே வெச்சுக்குவான். அக்மார்க் ஹாஸ்டல் புத்தி!

இதுவரைக்கும் சிரிப்புதான். அந்தப் புத்தகத்தின் ஒரு ஓரத்தில் 'செக்டம்செம்ப்ரா'னு ஒரு மந்திரம் இருக்கும். எதிரிக்கானதுன்னு ஒரு குறிப்பு. அவ்வளவுதான். என்ன செய்யும்னு எழுதியிருக்காது. ஹாரிக்கும் தெரியாது. ஒரு நாள் பாத்ரூமில் டிராகோ மால்ஃபாய் நின்னு அழுதுட்டிருப்பான். ஹாரி உள்ளே போக, ரெண்டு பேருக்கும் சண்டை. டிராகோதான் முதலில் தாக்குவான். சித்ரவதை மந்திரத்தையே வாயெடுப்பான். அதை மறுக்கலை. ஆனா, ஹாரி பதிலுக்கு அந்தத் தெரியாத மந்திரத்தைச் சொன்னதும், கண்ணுக்குத் தெரியாத வாளால் வெட்டினதுபோல டிராகோவின் முகமும் நெஞ்சும் கிழியும். ஸ்நேப் ஓடிவந்து காப்பாற்றலைன்னா பையன் செத்திருப்பான்.

பதினாறு வயசுப் பையன், பயத்தில் பண்ணிட்டான், மன்னிச்சுடலாம். நானும் மன்னிச்சுட்டேன். எனக்குப் பிரச்னை அடுத்த பத்து நிமிஷம்தான்.

ஸ்நேப் சொல்வார்: உன் பையைக் கொண்டு வா, எல்லாப் புத்தகத்தோடும். ஹாரி ஓடுவான். உண்மையைச் சொல்ல இல்லை. ரானோட புத்தகத்தைக் கடன் வாங்கி பையில் திணிச்சுட்டு, தன்னோடதை 'ரூம் ஆஃப் ரெக்கொயர்மென்ட்'டில் ஒரு அலமாரியில் ஒளிச்சுவெச்சுட்டு வருவான். ரான் புத்தகத்தில் அவன் பேரே தப்புத் தப்பா எழுதியிருக்கும். யாருடா இதுன்னு கேட்டால், என் பட்டப்பேர் சார்னு ஹாரி கூசாமச் சொல்வான்! அதுக்கப்புறம்கூட அந்தப் புத்தகத்தை எழுதினவனுக்காக ஹெர்மயனிகிட்ட வாதாடுவான். ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கிற டிராகோவைப் போய்ப் பார்க்கக்கூட மாட்டான். (2009-ல் வந்த படத்தை மட்டும் பார்த்தவங்களுக்கு இந்தப் பொய் தெரியாது. அதில் ஜின்னி கூட்டிட்டுப் போய்ப் புத்தகத்தை ஒளிச்சுவெச்சு, ஒரு முத்தமும் கொடுத்து மேட்டரை முடிச்சுடுவா.)

சரி, கட்டுக்கு வருவோம்.

நான் படிக்கிறது எலெக்ட்ரிக்கல். மெஷின்ஸ் லேபில் டி.சி. சீரிஸ் மோட்டாருக்கு 'லோடு டெஸ்ட்'. மோட்டாரின் டிரம் மேல் ஒரு பெல்ட், ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் பேலன்ஸ். பெல்ட்டை இறுக்க இறுக்க லோடு ஏறும், ரீடிங் எடுக்கணும். என்கிட்ட ஒரு சீனியரின் ரெக்கார்டு நோட் இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. அந்த நோட்டால் அந்த செமஸ்டர் முழுக்க எங்க பேட்ச்தான் லேபை முதலில் முடிக்கும். 'பயலுக்கு நல்ல ஹேண்ட்'னு சார்கிட்ட பேர் வேற. அதில் ஒரு குறிப்பு: ரீடிங்குக்கு நடுவில் பெல்ட்டை மொத்தமா லூஸ் பண்ணினால் டிரம் சீக்கிரம் ஆறும்.

பெல்ட் பக்கம் நின்ன ரூம்மேட்டிடம் சொன்னேன், "மொத்தமா லூஸ் பண்ணுடா."

அந்தக் குறிப்பு இருந்த பக்கம் ஷன்ட் மோட்டாருக்கானது. ஷன்ட் மோட்டார் லோடு இல்லாமலும் சமர்த்தா ஓடும். சீரிஸ் மோட்டார் அப்படி இல்லை. லோடு போனால் கரன்ட் குறையும். அதே கரன்ட்தான் ஃபீல்டு சுருள் வழியாவும் போகுது, அதனால் காந்தப்புலமும் குறையும். புலம் குறைந்தால் வேகம் எகிறும், எகிறிக்கிட்டே போகும். 'சீரிஸ் மோட்டாரை ஏன் லோடு இல்லாமல் ஓட்டக் கூடாது?' என்பது வைவாவில் முதல் கேள்வி. அன்னிக்குக் காலையில்தான் பதிலை ஒப்பிச்சுட்டு வந்திருந்தேன்!

மோட்டார் ஊளையிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு. பெல்ட் தெறித்து, ஸ்பிரிங் பேலன்ஸின் கொக்கி அவன் மணிக்கட்டைக் கிழித்தது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் பாய்ந்து சுவிட்சை ஆஃப் பண்ணினார். நாலு தையல். "யார்டா லூஸ் பண்ணச் சொன்னது?" சார் கத்தினார். ரூம்மேட் என்னைப் பார்த்தான். நான் அம்மீட்டரைப் பார்த்தேன். ஜீரோவில் நின்ன அம்மீட்டரை.

"தெரியாமப் பண்ணிட்டேன் சார்" என்றான் அவன். மன்னிப்புக் கடிதம் அவன்தான் எழுதினான், இடது கையால். சீனியர் நோட் அன்னிக்கு ராத்திரியே என் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. ரெண்டு வாரமா அவனுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தேன், மெஸ்ஸில் தட்டு எடுத்து வெச்சேன், சட்டை துவைச்சேன். எல்லாம் பண்ணினேன். அந்த ஒண்ணைத் தவிர.

இப்ப புரியுதா நான் ஏன் கத்தினேன்னு?

அவனுக்கு என் மேல் கோபம் இருந்த மாதிரியே தெரியலை. ஹாரிக்குத்தான் வக்கீலா வந்தான். "ஏழாவது பாகத்தை மறந்துட்டியா? அதே ரூம்ல தீப்பிடிக்குதே!"

மறக்கலை. 2007-ல் வந்த கடைசி பாகம். புத்தகத்தை ஒளித்துவைத்த அதே அறைக்குள் மந்திரத் தீ. பற்றவைத்தது டிராகோவின் கூட்டாளி. கொஞ்ச நேரம் முன்னாடிதான் அவங்க மூணு பேரும் ஹாரியைப் பிடிக்க வந்தாங்க. ஹாரி துடைப்பத்தில் ஏறித் தப்பிச்சுப் போயிருக்கலாம். திரும்பி வருவான். முதல் தடவை கை நழுவும். விடாம மறுபடி வந்து டிராகோவைப் பின்னால் ஏத்திக்கிட்டுப் பறப்பான். எவனை ரத்தத்தில் தள்ளினானோ, அவனையே. எங்கே ஒளித்தானோ, அங்கேயே. ரௌலிங் இதைச் சுட்டிக்காட்டி ஒரு வரிகூட எழுதலை. ரூம்மேட் சொல்லித்தான் எனக்கே உறைத்தது. ஒரு நிமிஷம் வாயடைச்சுப் போய் உட்கார்ந்தேன்.

ஆனாலும் ஒப்புக்கலை. ஏன்னா, ஹாரிக்கு எழுத்தாளர் ரொம்பவே செல்லம் கொடுத்திருக்காங்க. புத்தகம் ஒளிச்ச இடத்தை ஞாபகம் வெச்சுக்க அவன் ஒரு சிலை தலையில் விக் மாட்டி, பழைய கிரீடம் ஒண்ணையும் வைப்பான். கடைசியில் பார்த்தால், வோல்டமார்ட்டின் உயிர்த்துண்டு ஒளிந்திருக்கிற கிரீடமே அதுதான்! திருட்டுத்தனம் பண்ணப் போன இடத்தில் உலகத்தைக் காப்பாத்துற துப்பு. நமக்கெல்லாம் பெட்டிக்கு அடியில் கரப்பான்பூச்சிதான் கிடைக்கும். தண்டனையா சனிக்கிழமைதோறும் டிடென்ஷன், அதனால் ஃபைனல் மேட்ச் ஆட முடியாது. அதிலும் அவன் டீம் ஜெயிக்கும், கூடவே காதலும் செட் ஆகும். போங்கய்யா!

நான் ரூம்மேட்டிடம் சொன்னது இதைத்தான்: "தீக்குள்ள பாயறது அவனுக்கு ஈஸிடா. அவன் அப்படித்தான். காட்டுக்குள்ள சாகறதுக்கே தனியா நடந்து போறவன். அவனுக்குக் கஷ்டமானது ஒண்ணே ஒண்ணு. ஸ்நேப் முன்னாடி பையைத் திறந்து, 'இதுதான் சார் அந்தப் புக்'னு சொல்றது. அதை அவன் கடைசி வரைக்கும் பண்ணலை. நான் எப்படி அவனைக் கொண்டாடறது?"

அவன் கட்டைத் தடவிக்கொண்டே, "அது யாருக்குமே கஷ்டம்தான்" என்றான். கிண்டலே இல்லாமல். அதுதான் தாங்கலை.

சம்பவம் நடந்து மூணாவது வாரம் லேபுக்குப் போனேன். சார் தனியா இருந்தார். நோட்டை மேஜையில் வெச்சு, அந்தப் பக்கத்தைத் திறந்து, நடந்ததைச் சொன்னேன். குறிப்பைப் படிச்சார்.

"இது ஷன்ட் மோட்டாருக்குய்யா."

"தெரியும் சார்."

"அன்னிக்குத் தெரியுமா?"

"இல்லை சார்... வைவாவுக்குத் தெரியும்."

நோட்டை அவரே எடுத்து டிராயரில் போட்டுக்கிட்டார். அவன் எழுதின கடிதத்தைக் கிழிச்சுட்டு என்கிட்ட வெள்ளைப் பேப்பரை நீட்டினார். வேற திட்டு எதுவும் இல்லை. 'நல்ல ஹேண்ட்'னு அதுக்கப்புறம் சொல்லவும் இல்லை.

மெஸ்ஸில் ரூம்மேட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். "மூணு வாரம் லேட்" என்றான் அப்பளத்தை உடைத்தபடி. "ஹாரி டிராகோவைத் தூக்க ஒரு வருஷம் லேட். உனக்கொரு ரூல், அவனுக்கொரு ரூலா?"

"அவன் 'சாரி'யே சொல்லலையேடா!"

"எழுதலைன்னா சொல்லலைன்னு அர்த்தமா? பத்தொன்பது வருஷம் கழிச்சு ரயில்வே பிளாட்ஃபார்ம்ல டிராகோ அவனைப் பார்த்துத் தலையாட்டுறானே, சும்மாவா ஆட்டுறான்?"

எனக்கு பதில் தெரியலை. ஆனா, தோற்றதா ஒப்புக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் சிக்கன். அடுத்த ரவுண்டு அன்னிக்கு.