தெரியுது சார்

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் சொன்ன பொய் இதுதான், கண்ணு.

முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கரும்பலகையில் வெள்ளைக் கோடுகள் புகை மாதிரி மிதக்கும். "தெரியுதாடா?" என்பார் வாத்தியார். "தெரியுது சார்." பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வேன், அவன் செய்த தப்பையும் சேர்த்து. காப்பியடிக்கிறவன் என்று பேர் வாங்கியதும் நான்தான்.

முழுக்கப் பார்வை இல்லாதவர் கையில் கோல் இருக்கும். ஊர் வழி விடும். குறைபார்வைக்காரனுக்கு அப்படி அடையாளம் ஒன்றும் இல்லை. தெருவில் நடப்பான், பஸ் நம்பர் தெரியாது. அதனால் சுலபமாக நடித்துவிடலாம். வினை அங்கேதான்.

உனக்கும் என் கண்தான் வாய்த்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாய். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் டாக்டர் போட்ட சதவீதம் ஆபீசுக்கு உதவும். அதைக் கேட்டு டீச்சர் என்ன செய்வார், பாவம்? உன் கண்ணை முதலில் நீ படி. ஒரு நோட்டுப் போட்டு எழுது. ஜன்னல் எதிரே இருந்தால் கூசுகிறதா? எழுத்து 18 அளவு போதுமா, 24 வேண்டுமா? எத்தனை நிமிஷத்தில் தலை வலிக்கிறது? விளக்கைத் தலைக்கு மேலே போடாமல் தோளருகே, தாள்மேல் விழும்படி வைத்தால் எனக்கு எழுத்து தெளிகிறது என்று கண்டுபிடித்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அன்று அந்த மேஜையிலேயே தலை கவிழ்ந்து அழுதேன்.

பிறகு கேள். "எனக்குக் கண்ணு சரியில்லை" என்றால் "அச்சச்சோ" என்பார்கள், அவ்வளவுதான். "எழுதும்போது வாயாலும் சொல்லுங்க டீச்சர்" என்றால் அவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் அவரவர் தேவைக்கேற்ப ஏற்பாடு செய்து தரச் சொல்கிறது. அந்தத் தேவை என்னவென்று சட்டப் புத்தகத்தில் இருக்காது, உன் நோட்டில்தான் இருக்கும்.

தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்றது 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம். பத்திரிகைகள் இதைச் சலுகை என்று எழுதும்போது எனக்கு எரிச்சல் வரும். சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்வதாக இருந்தால் இப்போதே உன் தம்பியை உட்கார வைத்துப் பழகு. எங்கே பத்தி பிரிப்பது, எங்கே அடித்து எழுதுவது எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். தேர்வறையில் முதல்முறை முயன்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"தைரியமா இரு" என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லி வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், வேறு வழியில்லாமல், பஸ் ஸ்டாப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: "இது எத்தனாம் நம்பருங்க?"

"பன்னெண்டு" என்றார். மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஏறி உட்கார்ந்துகொண்டேன்.