மூலையில் நிற்கும் பிள்ளைகள்

அப்பாவின் கண்ணுக்கு மட்டும் தெரியும் இரண்டு பிள்ளைகள் எங்கள் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். "பசியோட நிக்குதுங்க, ஏதாச்சும் குடேன்" என்பார் அம்மாவிடம். அவருக்குப் பயமே இல்லை. பயந்ததெல்லாம் நாங்கள்தான். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படிவத்தில் 'ஒவ்வாமை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியது நான்தான். இரண்டாம் இரவு அப்பா டிரிப்ஸைப் பிடுங்கிப்போட்டுக் கத்தினார். "ஒரு ஊசி போட்டா தூங்கிடுவார்" என்றார் டியூட்டி டாக்டர். நானும் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. "போடுங்க டாக்டர்" என்றேன். என்ன மருந்து என்று கேட்கவில்லை. ஹாலோபெரிடால்.

விடிந்தும் அப்பா எழவில்லை. கை மரக்கட்டை மாதிரி இருந்தது. மடக்கினால் பல்சக்கரம் போல விட்டுவிட்டு மடங்கியது. ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. மருந்து தெளிந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் வந்த நரம்பியல் மருத்துவர் அம்மாவிடம் நான்கு கேள்வி கேட்டார். இல்லாத ஆட்கள் தெரிகிறார்களா? தூக்கத்தில் கைகாலை வீசி அடிப்பாரா? நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டதா? ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பமா? நான்குக்கும் அம்மா தலையாட்டினார். "லூயி பாடி டிமென்ஷியாவா இருக்கும். அந்த ஊசி இனி இவருக்கு வேண்டாம்."

இந்த நோயில் மூளையில் டோபமைன் ஏற்கெனவே குறைந்திருக்கும். ஹாலோபெரிடால் மிச்சமிருப்பதையும் வேலை செய்யவிடாமல் அடைத்துவிடும். உடம்பு இறுகிப்போகும், சிலர் பிழைப்பதே இல்லை. இயன் மெக்கீத்தும் சக மருத்துவர்களும் இதை 1992-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார்கள். நான் எல்.கே.ஜி. படித்த வருடம். ஆபீஸில் ஒரு லைப்ரரியைச் சேர்க்கும் முன் டாகுமெண்டேஷனை மூன்று தடவை படிக்கிற ஆள் நான்.

அப்பா பிழைத்தார். நடை திரும்பவில்லை. கத்தினால் முதலில் தொற்று இருக்கிறதா, வலி இருக்கிறதா, மலச்சிக்கலா என்று பாருங்கள் என்றார் மருத்துவர். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் குவெட்டியாபின், அதுவும் மிகக் குறைந்த அளவில், பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டே. பிள்ளைகள் அவரைத் தொந்தரவு செய்யாதவரை அவர்களுக்கு மருந்தே வேண்டாம்.

இப்போது எந்த ஆஸ்பத்திரிப் படிவம் வந்தாலும் 'ஒவ்வாமை' கட்டத்தில் 'லூயி பாடி டிமென்ஷியா, ஹாலோபெரிடால் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். அப்பாவின் சட்டைப்பையிலும் அதே வரி ஒரு அட்டையில் இருக்கிறது.

சாயங்காலம் காபி கொண்டுவரும்போது அம்மா கேட்பார்: "இன்னிக்கு எத்தனை பேருங்க?"

"ரெண்டு பேரும் வந்திருக்காங்க."

அம்மா தட்டில் இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைப்பார்.