இருவர் இசைக்குள் நுழையும் வழி

பெரியதொரு நூலகத்துள் முதன்முறை நுழைபவனுக்கு நூல்களின் மிகுதியே தடையாக அமைவதுண்டு. இசைக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினரைக் கேட்க விழைவோர், 1963இல் வெளியான முதல் நெடுந்தட்டிலிருந்து தொடங்குவதா, அவர்கள் புகழின் உச்சியில் நின்ற 1967ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதா என்று மயங்குவர். தமிழில் இவ்வினாவை எழுப்புவோர் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர். 1952இல் ‘பணம்’ தொடங்கி 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை அவர்கள் ஒன்றாக இசையமைத்த படங்கள் பல. படந்தோறும் பாடல்களும் பல. இவற்றுள் எதனை முதலிற் கேட்பது?

முன்னைய தலைமுறைக்கு இவ்வினா எழவில்லை. இலங்கை வானொலி நாள்தோறும் ஒலிபரப்பியதை அவர்கள் கேட்டனர், தெரிவு வானொலியினுடையது. இன்றோ அனைத்தும் கைத்தொலைபேசியிற் கிடைக்கின்றன. தெரிவு கேட்போன் தலையில் விழுகின்றது. கிடைக்கும் தொகுப்புகளோ பெரும்பாலும் நடிகர் பெயராலும் பாடகர் பெயராலும் அமைந்தவை. அவற்றுள் எம்.ஜி.ஆர். தெரிவார், சிவாஜி தெரிவார், சௌந்தரராஜன் தெரிவார்; இசையமைத்தோர் தெரியமாட்டார்.

புல்மோட்டையைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இத்தகைய தொகுப்புகளிலே அலைந்து சலித்திருந்தான். ஒருநாள் அவன் காதில் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் விழுந்தது. மார்க்கப் பாடல்களின் வழி அவனுக்குப் பழக்கமான குரல் அது. இம்முறை ‘பாவமன்னிப்பு’ படத்தின் பெருநாட் பாடலில், டி. எம். சௌந்தரராஜனுடன் இணைந்து ஒலித்தது. அருகிலிருந்த மூத்தவாப்பா நிமிர்ந்து, “இதுக்கு இசை ஆர் மகன்?” என்று கேட்டார்.

“எம்.எஸ்.வி., மூத்தவாப்பா.”

“மத்தவர் எங்க?”

அவன் விடையின்றி நின்றான். அவ்வினாவே அவனுக்கு வழியாயிற்று.

1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்றையும் அவன் அடுத்தடுத்துக் கேட்டான். மூன்றுக்கும் இயக்குநர் பீம்சிங், நாயகர் சிவாஜி, பாடலாசிரியர் கண்ணதாசன். ஏனையவை ஒத்திருப்பதால், மெட்டும் வாத்திய அமைப்பும் படத்துக்குப் படம் எங்ஙனம் வேறுபடுகின்றன என்பது தெளிவாகப் புலப்படுகின்றது. புதிதாகக் கேட்போருக்கு இதனினும் நல்ல வாயில் அரிது.

இரண்டாம் படி 1964. அவ்வாண்டிலேயே ‘காதலிக்க நேரமில்லை’யும் ‘கர்ண’னும் வெளிவந்தன. முன்னதில் மேனாட்டுத் துள்ளிசை. பின்னதில் வடநாட்டு இராகங்கள். இரண்டும் ஒரே இரட்டையரின் ஆக்கம் என்பதை உணருங்கால் அவர்தம் பரப்பு விளங்கும். மூன்றாம் படியாக ‘ஆயிரத்தில் ஒருவன்’. அதன் பின்னரே ‘பணம்’ படத்திற்குத் திரும்புதல் வேண்டும். முடிவை அறிந்தவனுக்கே தொடக்கத்தின் அருமை தெரியும்.

இருவரும் சி. ஆர். சுப்பராமனிடம் பணிபுரிந்தோர். 1952இல் அவர் மறைந்தபோது எஞ்சியிருந்த பணிகளை இருவருமே நிறைவு செய்தனர். ராமமூர்த்தி திருச்சியிலே பிறந்த வயலின் கலைஞர். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் மெட்டுக் காண்பவர். 1963இல் ‘மெல்லிசை மன்னர்’ என்னும் பட்டம் இருவர்க்குமே அளிக்கப்பட்டது. 1965இல் பிரிந்தனர். பின்னர் விஸ்வநாதன் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்திக்கோ ‘மறக்க முடியுமா’, ‘நான்’, ‘தங்கச்சுரங்கம்’ முதலிய சிலவே வாய்த்தன. இதனால், இருவர் ஆக்கிய பாடல்களையும் ஒருவர் பெயராற் சுட்டும் வழக்கம் மக்கள் நாவிற் படிந்துவிட்டது.

புல்மோட்டைக் கரையின் கருமணலிலிருந்து காந்தத்தின் துணையால் இல்மனைற்றைப் பிரித்தெடுக்கின்றனர். இவ்விசையிலிருந்து ஒருவர் பங்கை அவ்வாறு பிரித்தெடுத்தல் கேட்போனால் இயலாது. பிரிக்கவியலாத ஒன்றை ஒருவருக்கே உரித்தாக்குதல் நீதியன்று. 2013இல் ராமமூர்த்தியும் 2015இல் விஸ்வநாதனும் மறைந்துவிட்டனர். உரிமை கோரி வாதிட இன்று இருவரும் இல்லர். அப்பொறுப்பு கேட்போரையே சார்கின்றது.

ஆதலின், அவரவர் செவிக்கு முன்னரே பழக்கமான ஒரு குரலைப் பற்றிக்கொண்டு உள்ளே செல்லலாம். ஒருவருக்கு அது ஹனிபாவாகலாம், பிறிதொருவருக்கு சுசீலாவாகலாம். எவ்வாயிலால் நுழையினும், இரு பெயரையும் சேர்த்துச் சொல்லியே நுழைதல் வேண்டும்.