சன்னலுக்கு மேலே பாருங்கள்

பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கப் போனால் நான் முதலில் சன்னலுக்கு மேலேதான் பார்ப்பேன். திறப்புக்கு மேலுள்ள பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் பகுதியில் வேலை செய்யும் எனக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவை 19ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ஹைன்ரிக் ஹுப்ஷ் கட்டிய கட்டடங்கள்.

1828இல் கார்ல்ஸ்ரூவில் ஹுப்ஷ் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ‘எந்தப் பாணியில் நாம் கட்ட வேண்டும்?’ என்பதே அதன் தலைப்பு. ஜெர்மன் நகரங்கள் கிரேக்கக் கோயில் முகப்புகளில் மயங்கிக் கிடந்த காலம் அது. அவரோ கிரேக்கத்துக்கே போய் அந்தக் கோயில்களைப் பார்த்துவிட்டு வந்தவர். இரண்டு தூண்களுக்கு மேல் நீண்ட ஒற்றைக் கல்லை உத்திரமாக வைக்க கிரேக்கரிடம் பளிங்கு இருந்தது. இங்கே கிடைப்பது மணற்கல்லும் செங்கல்லும். அவற்றைச் சிறு துண்டுகளாகச் சேர்த்து, இரும்பால் பிணைத்து, மேலே பூசி, ஒரே கல் போலக் காட்டுவதை அவர் ஏற்கவில்லை. சிறு கற்களால் திறப்பைத் தாண்ட வேண்டுமானால் வளைவுதான் வழி. அந்த வளைவு வெளியே தெரியட்டும் என்றார். ருண்ட்போகன்ஸ்டீல் எனப்படும் அரைவட்ட வளைவுப் பாணிக்கு இதுவே அடித்தளம்.

வளைவு கட்டுவது கணக்கும் கைப்பழக்கமும் சேர்ந்த வேலை. சாதாரணச் செங்கல்லில் வளைவு கட்டினால் இடையிலுள்ள காரைதான் ஆப்பு வடிவம் பெற வேண்டும்: உள்விளிம்பில் மெல்லியதாக, வெளிவிளிம்பில் தடித்து. தடிப்பு மிகுந்தால் வலு குறையும். அதனால்தான் செங்கல்லைக் குட்டை வரிசையாக நிறுத்தி, வளையத்தின் மேல் வளையமாகக் கட்டுவார்கள். சாரம் பிரித்ததும் வளைவு பக்கவாட்டில் தள்ளத் தொடங்கும். ஒரே அகலம், ஒரே பாரம் என்றால், வளைவின் உயரத்தைப் பாதியாக்கும்போது இந்தத் தள்ளல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

ஹுப்ஷ் இதை நன்றாக அறிந்திருந்தார். கார்ல்ஸ்ரூவை அடுத்த புலாக் ஊர்த் தேவாலயத்துக்காக, எடைகள் கட்டிய சங்கிலியைத் தொங்கவிட்டு அதன் வடிவத்தைத் தலைகீழாக்கி விசையின் பாதையைத் தேடினார். அந்தப் பாதை சுவரின் கனத்துக்குள்ளேயே இறங்கினால் கட்டடம் நிற்கும். பாடன்-பாடன் நகரில் 1839–42இல் அவர் கட்டிய திரிங்க்ஹாலே மண்டபத்தில், ஒல்லியான கொரிந்தியத் தூண்கள் 16, தட்டையான வளைவுகளைத் தாங்கி நிற்கின்றன. அடுத்தடுத்த வளைவுகளின் தள்ளல் நடுத் தூண்களில் ஒன்றையொன்று சமன்செய்துகொள்கிறது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருப்பது கணக்கு.

கல்லும் செங்கல்லும் வெளியே தெரியும் இத்தகைய பூசாத சுவரைப் பழுதுபார்ப்பதில் பெரிய எதிரி சிமென்ட். பழைய செங்கல் மென்மையானது. உள்ளே போன ஈரம் சுண்ணாம்புக் காரையின் வழியாக வெளியேறிவிடும். சிமென்ட் வைத்து இடுக்குகளை அடைத்தால் அந்த ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகத்தையே உரித்துவிடும். எனவே சிமென்டை உளியால் மெல்லச் செதுக்கி எடுத்து, இடுக்கை நனைத்து, சுண்ணாம்புக் காரையை அழுத்தி அடைக்கிறோம். பிறகு நாள்கணக்கில் ஈரச்சாக்கால் மூடிவைக்க வேண்டும். அவசரப்பட்டால் காரை வெறும் தூளாகிவிடும்.

இந்த அரைவட்ட வளைவுப் பாணி, இடைக்கால ரோமானஸ்க் பாணியின் நகல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பவேரிய மன்னர் முதலாம் லூட்விக்கின் விருப்பப்படி மியூனிக்கின் லூட்விக் தெரு உருவானதைப் பார்த்தால் இத்தாலியின் சாயல் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அதே தெருவில் ஃபிரீட்ரிக் ஃபான் கெர்ட்னர் 1832–43இல் கட்டிய அரசு நூலகத்தைப் பாருங்கள். நீண்ட செங்கல் முகப்பில் வளைவுச் சன்னல்கள் ஒரே ஒழுங்கில் வரிசை கட்டி நிற்கின்றன. நூலகம், தொழில்நுட்பப் பள்ளி, ரயில் நிலையம் என அந்த நூற்றாண்டு கேட்ட கட்டடங்களுக்கெல்லாம் இந்தப் பாணி ஈடுகொடுத்தது. கடல் கடந்து நியூயார்க்கின் ஆஸ்டர் நூலகம் வரைக்கும் போனது. வெறும் நகலாக இருந்திருந்தால் இத்தனை வேலைக்கு வளைந்துகொடுத்திருக்காது.

வரைபடத்தில் முகப்பை முதலில் போடும் இளம் கட்டடக் கலைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் கிடைக்கும் பொருள் என்ன, அது எந்தத் திறப்பைத் தாண்டும் என்று முதலில் கேளுங்கள். முகப்பு அதற்குப் பிறகு வரட்டும்.