நக்கவாரத்து ஐசுவரியவான்கள்



தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில், முதலாம் இராஜேந்திர சோழன் கடல் கடந்து வென்ற நாடுகளின் வரிசையில் மாநக்கவாரம் என்ற பெயர் காணப்படுகிறது. இன்றைய நிக்கோபார் தீவுகளே அவை. மன்னன் தான் வென்ற நாடுகளை எண்ணித் தன் செல்வத்தை அறிவித்தான். அத்தீவின் குடிகள் தங்கள் செல்வத்தை எவ்விதம் எண்ணினார்கள் என்பதைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறேன்.

2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேயரிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது கார் நிக்கோபார். பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதிச் சீட்டு இன்றி வெளியார் எவரும் அங்கே கால் வைக்க முடியாது. அது நல்ல சட்டம் என்பதே என் எண்ணம். அங்கே அரசுப் பணியிலிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் அழைப்பின்பேரில், முறையான சீட்டுடன் சென்றேன். இரவெல்லாம் கப்பல் ஆடிற்று. விடியற்காலையில் பார்த்தால் மலை இல்லை, கோபுரம் இல்லை. தண்ணீரின்மேல் தென்னை ஓலைகள் மாத்திரம் தெரிந்தன. 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான தீவு அது.

அங்கே நிலமும் தென்னையும் தனி மனிதனுக்கு உரியவை அல்ல. துஹெத் எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்கே அவை சொந்தம். அதன் மூப்பர், இன்னார் இந்தத் தோப்பில் காய் எடுக்கலாம் என்று பகிர்ந்து கொடுக்கிறார். நெடுங்காலம் தேங்காயே அவர்களுக்கு நாணயமாகவும் இருந்தது. கப்பல் வியாபாரிகளிடம் தேங்காய் கொடுத்தே துணியும் அரிவாளும் வாங்கினார்கள். தேங்காய் தின்று கொழுத்த பன்றிகள் விருந்து நாளுக்கென்று வளர்க்கப்பட்டன. விருந்தில் எத்தனை பேருடைய பசி ஆறிற்றோ, அதுவே அந்தக் குடும்பத்தின் பெருமை.

பழைய வழக்கம் ஒன்றும் உண்டு. ஒருவன் மரித்தால், அவன் ஆசையாய்ச் சேர்த்த பாத்திரங்களையும் கரண்டிகளையும் பயனற்றுப்போகும்படி உடைத்தும் நெளித்தும் கல்லறையின்மேல் வைப்பார்கள். ஆவிகளைப் பற்றிய பயமும் அதில் கலந்திருந்தது; அதை நான் மெச்சவில்லை. ஆனாலும் அதைக் கேட்டபோது லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் நினைவுக்கு வந்தான். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்த அவனுடைய பேச்சைக் கவனித்துப் பாருங்கள். அதில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அறுவடை செய்த கூலிக்காரன்கூட இல்லை. அவனும் அவன் ஆத்துமாவும் மாத்திரமே பேசிக்கொள்ளுகிறார்கள்.

இத்தீவுக்குப் பிழைப்புக்காக வந்த தமிழர் ஒருவரை நம்மில் அநேகர் அறியோம். வேதப்பன் சாலொமோன் என்பது அவர் பெயர். 1890களில் அரசின் பிரதிநிதியாகவும் உபதேசியாராகவும் வடமுனையிலுள்ள மூஸ் கிராமத்தில் குடியேறினார். வந்து போகும் கப்பல்களைக் கண்காணித்துக் குறிப்பெழுதுவது அரசு வேலை. சிறு பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளி நடத்தியது அவருடைய பாரம். அவர் 1909இல் மரித்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பர்மாவின் மாந்தளையில் கல்வி கற்றுத் திரும்பி, தம் ஜனத்துக்கு ஆசிரியரானார். பின்பு 1950இல் பேராயரானார். அவரே ஜான் ரிச்சர்ட்சன். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் சிறைப்பட்டு, மரணத்தின் விளிம்பிலிருந்து தப்பினார். 1952இல் முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். புதிய ஏற்பாட்டைத் தம் மக்களின் மொழியில் தந்தவரும் அவரே. தீவின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாலொமோன் ஐயா சம்பாதித்த சொத்து இதுதான்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அந்தமான் நிக்கோபாரில் மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் 3,000க்கும் அதிகம். பெரும்பாலோர் நிக்கோபாரைச் சேர்ந்தவர்கள். கடலோரக் கிராமங்கள் துடைக்கப்பட்டன. தோப்புகள் அழிந்தன. பிறகு நிவாரணம் வந்தது. நல்ல மனதோடுதான் வந்தது. வீடு கட்டிக்கொள்ளக் கருவிகள் தாருங்கள் என்று தீவார் கேட்டார்கள். தகரக் கொட்டகைகள் கிடைத்தன. இழப்பீடோ துஹெத்தின் கையில் அல்ல, கணவன் மனைவி பிள்ளைகள் என்ற சிறு குடும்பத்தின் வங்கிக் கணக்கில் விழுந்தது. ஒரே பானையில் உண்டவர்கள் முதன்முறையாக, "இது என் பணம், அது உன் பணம்" என்றார்கள். மோட்டார் சைக்கிள்கள் வந்தன, தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்தன, மதுவும் வந்தது. அதுவரை காணாத அளவு பணம் புழங்கிய அந்நாட்களில்தான் வீட்டுக்குள் வழக்குகள் முளைத்தன.

என்னை அழைத்துச் சென்ற சகோதரர் மூலமாக ஒரு முதியவரிடம், "பெற்றோரை இழந்த பிள்ளைகளை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். இருவரும் இந்தியில் வெகுநேரம் பேசினார்கள். பின்பு சகோதரர் திரும்பி, "பாஸ்டர், உங்கள் கேள்வி அவருக்குப் புரியவில்லை. பிள்ளைகள் அவரவர் துஹெத்திலேதான் இருக்கிறார்கள், வேறு எங்கே போவார்கள் என்று கேட்கிறார்" என்றார்.

பிரியமானவர்களே, நெல்லையிலும் தூத்துக்குடியிலும் இருந்து சென்னைக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் பிழைக்க வந்தவர்கள் நாம். மனை வாங்கினால் சாட்சி சொல்லுகிறோம். கார் வாங்கினால் போதகரை அழைத்து ஜெபிக்கிறோம். தேவன் கொடுத்தாரென்று ஸ்தோத்திரிப்பது நல்லதே. ஆனால் முப்பது ஆண்டு ஊழியத்தில், "மரித்துப்போன என் அண்ணன் பிள்ளைகளை எங்கள் ஓரறை வீட்டுக்கு அழைத்து வரக் கர்த்தர் கிருபை செய்தார்" என்று எழுந்து நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனைக்குக் கைதட்டிய அளவு அவர்களுக்கு நாம் கைதட்டியதுமில்லை. ஆசீர்வாதக் கூட்டங்களின் சுவரொட்டிகளிலும் இவர்கள் இடம்பெறுவதில்லை.

புறப்படும் நாளில், அரசு கட்டிக்கொடுத்த வீடுகளின் வரிசை வழியே நடந்தேன். சிறு குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, ஒரே அளவில் கட்டப்பட்டவை. ஓரிடத்தில் வீடுகளின் பின்புறம், மரக்கால்களின்மேல் ஓலை வேய்ந்த பெரிய சமையல் குடில் ஒன்றைத் தாங்களாகவே எழுப்பியிருந்தார்கள். உள்ளே தாழம்பழம் வெந்துகொண்டிருந்தது. நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஏணியில் ஏறிப்போய் அங்கே உண்டார்கள். அடுப்பருகே இருந்த தாயார், எங்கள் இருவருக்கும் தட்டு எடுத்து வைத்தார்.