கேட்கக் கற்ற ஆண்டு

நான் கவுன்சிலர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது என் தாயார் மிகவும் மகிழ்ந்தார். மகிழ்ச்சி தாங்காமல் அடுத்த வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டார். அவர் கேட்ட முதற் கேள்வி, "எந்தக் கட்சி? எத்தனையாவது வார்டு?" என்பது. நம் ஊரில் கவுன்சிலர் என்றால் தெருக் குழாயில் தண்ணீர் வராதபோது யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறோமோ அவர்தாம். மனம் வறண்டு போனவர் போய் நிற்கும் வாசலும் ஒன்று உண்டு என்பதை என் தாயாருக்கு விளக்கிச் சொல்வதற்குள் தொலைபேசி அட்டையில் இருந்த பணம் தீர்ந்திருக்கும். நல்லவேளை, இக்காலத்தில் அந்தக் கவலை இல்லை!

நம் சங்கத்து நண்பர் ஒருவர், சங்க இலக்கியத்தில் ஊறியவர், "கவுன்சிலர் என்று ஏன் சொல்கிறாய்? ஆற்றுப்படுத்துநர் என்று சொல்" என்று திருத்தினார். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், பசியோடு எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை அல்லவா? அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. வழி அறிந்தவன் நான். வழி அறியாதவர் எதிரே வருவார். கையை நீட்டிக் காட்டி அனுப்பிவிட வேண்டியதுதான். இந்த எண்ணத்தோடுதான் நம் பல்கலைக் கழக மாணவர் நல மையத்தின் படிகளில் முதன்முதலாக ஏறினேன். அந்த எண்ணம் எப்படி உடைந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சி எதற்காக என்று சிலர் கேட்கக்கூடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுத்தது. நாட்டில் அத்தகைய கல்வி நிலையங்கள் எத்தனை ஆயிரம்! அத்தனைக்கும் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? உளவியலில் முதுகலை படித்துக்கொண்டு, மையத்தின் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு, உள்ளங்கை வேர்க்க வேர்க்கப் பழகும் எங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் வங்காளத்து அம்மையார் ஒருவர். அவர் முதல் நாள் இட்ட கட்டளை என்னைத் திகைக்க வைத்தது. "ஒரு மாதத்திற்கு யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது" என்றார். நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். நம் வீடுகளில் விருந்தினருக்குக் காப்பி கிடைக்காமற் போனாலும் போகும். புத்திமதி கிடைக்காமற் போகாது. பெயர் கேட்பதற்கு முன்பே எத்தனை மதிப்பெண் என்று கேட்டு, அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பும் மண்ணில் பிறந்தவன் நான். என்னால் ஒரு மாதம் வாயைக் கட்ட முடியுமா?

பயிற்சி மூவர் மூவராக நடக்கும். ஒருவர் துயரம் சொல்லுவார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் குறிப்பெடுப்பார். பிறகு இடம் மாறுவோம். துயரத்தைக் கற்பனை செய்யக் கூடாது. சிறியதாயினும் நம் சொந்தத் துயரமாக இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் சற்றே காத்திருக்க வேண்டும். அந்தச் சில நொடிகள் எனக்கு ஒரு நாழிகைபோல் இருக்கும். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்கக் கூடாது, ஏன் என்றதும் மனிதன் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுகொள்கிறான் என்பார் அம்மையார். அவன் சொன்னதை அவன் பொருளிலேயே வாங்கி, சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று அவனிடமே திருப்பிக் காட்ட வேண்டும். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் நாம் வாழ்நாளில் ஒருவரையும் முழுமையாகக் கேட்டதில்லை என்பது தெரியும்.

பேச்சைப் பதிவு செய்து படிப்பதும் பயிற்சியில் ஒரு பகுதி. இது இன்று நேற்று வந்த வழக்கம் அன்று. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்த கார்ல் ரோஜர்ஸ், தட்டுகளில் பேச்சைப் பதிவு செய்து, அதைக் கொண்டு தம் மாணவர்களைப் பழக்கினார். 1942-இல் அவர் வெளியிட்ட நூலில், ஒருவரோடு நடந்த சந்திப்புகள் அனைத்தையும் தொடக்கம் முதல் இறுதி வரை சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். மூடிய அறைக்குள் நடப்பது என்ன என்பதை மாணவர் கண்முன் விரித்து வைத்த முயற்சி அது. எங்கள் மையத்தில் இன்று கையடக்கக் கருவி ஒன்று உண்டு. வருபவர் எழுத்தில் இசைவு தந்தால்தான் அது இயங்கும். பதிவை நாங்களே எழுதி, ஆங்கிலம் அல்லாத மொழியானால் ஆங்கிலத்தில் பெயர்த்து, அம்மையார் முன் வைக்க வேண்டும்.

அந்தக் கருவிதான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

மூன்றாம் மாதத்தில், தமிழ் பேசுபவர் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று ஒரு தம்பி கேட்டு வந்தார். முதலாண்டு மாணவர். மையத்தில் தமிழறிந்தவன் நான் ஒருவனே. ஒரு தயக்கம் இருந்தது. நம் சங்கம் சிறியது. பொங்கல் விழாவில் அவர் இலையில் பொங்கல் வைத்தவனே நான்தான். இரண்டு உறவு ஒன்றில் ஒன்று கலப்பது இத்தொழிலில் நல்லதன்று. ஆகவே அம்மையார் சொற்படி முதலிலேயே அவரிடம் பேசிவிட்டேன்: "வெளியில் எங்கேனும் பார்த்தால் நான் முந்திக்கொண்டு வணக்கம் சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னால் நானும் சொல்வேன். சொல்லாவிட்டால் நாம் ஒருவரையொருவர் அறியாதவர்." அவர் தலையசைத்தார். இன்னொன்றும் சொன்னேன்: அவர் பேசுவது வழிகாட்டி அம்மையாரைத் தவிர வேறு யார் காதுக்கும் போகாது, ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அந்தக் கட்டு தளரும்.

முதல் சந்திப்பு நன்றாக நடந்ததாகவே நினைத்தேன். பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர், இங்கே வகுப்பில் பேசும் இந்தியும் ஆங்கிலமும் தலைக்கு மேலே போகின்றன, முதற் பருவத்தில் இரண்டு தாள் தவறிவிட்டன, தந்தையிடம் சொல்லவில்லை. தூக்கம் இல்லை. இடையில் ஓரிடத்தில், "செத்துப் போய்விடலாம் போல இருக்கிறது அண்ணா" என்றார். சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் சிறிது நேரம் பொறுத்தேன். பிறகு, "எல்லாம் சரியாகிவிடும் தம்பி, துணைத் தேர்வு இருக்கிறது அல்லவா?" என்றேன். அவரும் "ஆமாம் அண்ணா" என்றார். துணைத் தேர்வைப் பற்றி இருபது நிமிடம் பேசினோம். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். வரவில்லை.

பதிவை மொழிபெயர்த்தபோது அந்த ஓர் இடத்தில் என் பேனா நின்றது. நம்மில் யார் இப்படிச் சொல்லாதவர்? தலைவலி வந்தால் சொல்கிறோம்; தேர்வுக்கு முன்னாள் சொல்கிறோம்; வெயில் கொளுத்தினாலும் சொல்கிறோம். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எழுதினால் அம்மையார் வீணாகப் பதறுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "மிகவும் களைப்பாக இருக்கிறது" என்று எழுதிவிட்டேன்.

அம்மையாருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பதிவைக் கேட்டு வந்தவர், அந்த இடத்தில் கருவியை நிறுத்தினார். பின்னுக்குத் தள்ளி மறுபடியும் கேட்டார்.

"இங்கே பதினொரு விநாடி மௌனம் இருக்கிறது. களைப்பாக இருக்கிறது என்று சொன்னவன் இப்படி மௌனமாக இருப்பானா? என்ன சொன்னான்?"

நான் சொன்னேன்.

"நீ என்ன கேட்டாய்?"

நான் ஒன்றும் கேட்கவில்லை. துணைத் தேர்வைப் பற்றிப் பேசினேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த மௌனம் என்னை நோக்கி வைக்கப்பட்ட கேள்வி. அதற்கு நான் மறுமொழி சொல்லாமல் ஓடியிருக்கிறேன். ஓடியதை மறைக்க மொழிபெயர்ப்பிலும் பொய் எழுதியிருக்கிறேன்.

அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயந்தாயா? புதியவர் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வளர்வதில்லை. பலருக்குப் பாரம் குறைகிறது. இப்போதே அவனைக் கூப்பிடு" என்றார்.

முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் ஓய்ந்தது. அந்த நேரத்தில் நான் செய்துகொண்ட வேண்டுதல்களை இங்கே எழுதினால் நண்பர்கள் சிரிப்பார்கள். மூன்றாம் முறை அவர் எடுத்தார். மெஸ்ஸில் தட்டுகளின் ஓசை கேட்டது. அவ்வளவு இனிய ஓசையை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

அன்று மாலையே வந்தார். அம்மையார் உடன் இருந்தார். பழகிய பாடம்தான்; ஆயினும் நாக்கு புரளவில்லை. ஒருவாறு கேட்டேன்: "செத்துப் போய்விடலாம் போல இருக்கிறது என்று அன்று சொன்னீர்களே, தம்பி. உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் உண்மையாகவே வருகிறதா?"

அவர் உடனே பேசவில்லை. இம்முறை நான் காத்திருந்தேன்.

"வருகிறது. நீங்கள் அன்றைக்கே கேட்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

அதற்குப் பின் நடந்தவற்றில் என் பங்கு சிறிது. எங்கள் எல்லையை அறிவதும் பயிற்சியே. அம்மையார் பொறுப்பை ஏற்றார். பல்கலைக் கழக மருத்துவ மனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மனம் இருண்டு வரும்போது தோன்றும் அடையாளங்கள் எவை, அப்போது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பவற்றை அவரே தம் கையால் ஒரு தாளில் எழுதினார். தமிழில்தான் எழுதினார். அவர் இசைவோடு அவருடைய அக்காவுக்குச் செய்தி போயிற்று. அந்த அம்மையார் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து வந்து சேர்ந்தார். வந்தவர், "ரெண்டு பேப்பர்தானே போச்சு, நீ போகலையே" என்றார். நான் ஓராண்டு படித்தும் சொல்லத் தெரியாத சொல் அது. உறவு சொன்னால் தைக்கும். நான் சொல்லியிருந்தால் வெறும் அறிவுரை.

இந்த ஓராண்டில் ஒரு சொல்லின் பொருளைக் கற்றேன். தமிழில் "கேள்" என்றால் வினவு என்றும் பொருள். செவிகொடு என்றும் பொருள். பழந்தமிழில் சுற்றத்தார்க்கும் கேள் என்றே பெயர். மூன்றையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் வைத்திருக்க, நான் முதல் இரண்டையும் செய்யாமலே மூன்றாவதாகிவிட முயன்றேன். "தம்பி" என்று அழைத்துவிட்டால் சுற்றம் ஆகிவிடுமா? அதுபோலவே தாய்மொழியும் இருபுறமும் கூரான கத்தி. தமிழ் தெரிந்ததால் அவர் என்னிடம் வந்தார். தமிழ் மிக நன்றாகத் தெரிந்ததால்தான் அவர் சொன்னதை வழக்குத் தொடர் என்று நான் தள்ளினேன். தமிழறியாத அம்மையார் மௌனத்தைக் கேட்டார்.

இதை எழுதுவது சரியா என்று நீண்ட நாள் தயங்கினேன். ஒருவர் அறைக்குள் சொன்னது அவருக்கே சொந்தம். அவர் இதைப் படித்து, இசைந்து, ஓரிடத்தைத் திருத்தியும் கொடுத்த பிறகே ஆசிரியர் குழுவிடம் தந்தேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். யார் என்று தேடாதீர்கள். தேடுவதற்குப் பதிலாக உங்கள் அறைத் தோழரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தூக்கம் போனவர், உணவைத் தவிர்ப்பவர், பிரியமான பொருளை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடுபவர் யாரேனும் இருந்தால், அருகே உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, கேளுங்கள். தனியே விடாதீர்கள்; மையத்திற்கு அழைத்து வாருங்கள். நள்ளிரவானால் 2022 முதல் இயங்கிவரும் அரசின் டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. தமிழிலும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. இவ்வாண்டு சங்க விழாப் பந்தியில் நான் சாம்பார் வாளியோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். நடு வரிசையில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார். சொன்ன சொற்படி, முன்பின் அறியாதவன்போல் ஊற்றிவிட்டு நகர்ந்தேன். இரண்டு இலை தாண்டியிருப்பேன்.

"அண்ணா, வணக்கம்! இங்கே இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்" என்று குரல் வந்தது.

திரும்பிப் போய் ஊற்றினேன்.